கோந்தே நாட்டில் ஒரு ராசிபுரத்துக்காரி

"அம்மா, அதைப் போட்டுடாதே! அது கெட்டுப் போகலை, அப்படித்தான் இருக்கும்!"

மகள் கத்தியபோது அந்த மஞ்சள் துண்டை நான் குப்பைக் கூடைக்கு நேர் மேலே பிடித்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில் சுற்றி ஃபிரிஜ்ஜின் கீழ்த் தட்டில் கிடந்தது. பிரித்தால் ஈரச் சாக்கும் பழைய வெண்ணெயும் கலந்தாற்போல் ஒரு வாசனை. போதாக்குறைக்கு உள்ளே பொடிப் பொடியாய் வெள்ளைப் புள்ளிகள் வேறு. பூஞ்சைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதையெல்லாம் வைத்திருக்கிறாளே என்று மனசுக்குள் ஒரு திட்டும் திட்டியாகிவிட்டது.

இது நடந்தது 2023 ஜூன் மாதம், ஃபிரான்ஸ் தேசத்தில் பெசான்சோன் என்ற ஊரில். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. பேரனுக்கு அப்போது பதினோரு மாதம். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் போனேனே தவிர, சீஸைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஆனால் பால் சமாசாரத்தில் என்னை யாரும் சுலபமாக ஏமாற்றிவிட முடியாது. எனக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே ராசிபுரத்துப் பக்கம். நான் பிறந்தபோது அது சேலம் ஜில்லா. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமானதும் நாங்கள் நாமக்கல்காரர்களாகிவிட்டோம். நாமக்கல் என்றால் உங்களுக்கு முட்டையும் லாரியும்தான் ஞாபகம் வரும். ராசிபுரம் என்றால் நெய். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு ஜவுளி எங்கே எடுத்தாலும் பலகாரத்துக்கு நெய் ராசிபுரத்து நெய்யாக இருக்க வேண்டும் என்பார்கள்.

என் அம்மா விடியற்காலையில் தூணில் கயிறு கட்டித் தயிர் கடைவாள். மத்துச் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். நாலைந்து நாள் வெண்ணெய் சேர்ந்ததும் அடுப்பில் ஏற்றி உருக்குவாள். முதலில் சடசடவென்று ஒரே சத்தமாக இருக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் போகப் போகச் சத்தம் அடங்கும். அம்மா பாத்திரத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள், அம்மியில் அரைத்துக்கொண்டே காதால்தான் கேட்பாள். சத்தம் நின்ற அந்த நிமிஷம் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கிவிடுவாள். பொரிந்த அந்தக் கீரைக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். மறுநாள் ஆறின நெய் மணல் மணலாக உறைந்திருக்கும்.

சரி, சீஸுக்கு வருகிறேன். அதன் பெயர் கோந்தே. பெயரைக் கேட்டதும் தபாலாபீஸ் கோந்துதான் என் ஞாபகத்துக்கு வந்தது! பெசான்சோனைச் சுற்றியுள்ள சீமைக்கு ஃபிராஞ்ஷ் கோந்தே என்று பெயர், அதனால் அதன் சீஸும் கோந்தே. சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி நீளமாகப் படுத்திருக்கும் ஜூரா மலைத் தொடரில்தான் இதைச் செய்கிறார்கள். நான் குப்பையில் போடப் பார்த்த அந்தச் சின்னத் துண்டு பதினெட்டு மாதம் பழுத்தது என்று மகள் சொன்னாள். உள்ளே இருந்த வெள்ளைப் புள்ளி பூஞ்சையுமில்லை, உப்புமில்லை. பாலின் புரதம் மெல்ல மெல்ல உடைந்து, அதிலிருந்து வரும் ஒரு சத்து படிகமாகிறதாம். நன்றாகப் பழுத்த சீஸுக்கு அதுதான் அடையாளம். நல்ல நெய்க்கு மணல் மாதிரி, இதற்கு இந்தப் புள்ளி.

"இவ்வளவு சந்தேகம் கேட்கறியே, வா, நேரிலேயே காட்டறேன்" என்று மாப்பிள்ளையையும் கிளப்பிக்கொண்டு ஒரு சனிக்கிழமை புறப்பட்டாள்.

சாலை மேலே ஏற ஏற இரண்டு பக்கமும் புல்வெளிதான். புல் என்றால் நம்மூர்க் கோரைப் புல் இல்லை, மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாய்ப் பூப் பூத்த புல். அதற்குள் முழங்கால் மறைய மேய்கின்றன மோன்பெலியார்து என்ற ஜாதி மாடுகள். வெள்ளை உடம்பில் செம்மண்ணைக் கொட்டினாற்போல் திட்டுத் திட்டாகச் சிவப்பு, கழுத்தில் பெரிய மணி. கோந்தேவுக்கு இந்த ஜாதி மாட்டுப் பாலும் சிமென்தால் என்ற இன்னொரு ஜாதியின் பாலும்தான் எடுப்பார்கள். கோடையில் பச்சைப் புல், பனிக்காலத்தில் காய்ந்த புல். குழியில் மூடிப் புளிக்க வைத்த தீவனம் கூடவே கூடாது. மாடு எதைத் தின்கிறதோ அதன் ருசி பாலில் வரும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். பருத்திக்கொட்டை வைத்த எருமைப் பாலுக்கும் வெறும் சோளத்தட்டு போட்ட எருமைப் பாலுக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பச்சைப் புல் காலத்துச் சீஸ் நல்ல மஞ்சளாகவும், பனிக்காலத்துச் சீஸ் வெளிறியும் இருக்குமாம்.

பொலிஞி என்ற சிற்றூரில் கோந்தேவுக்கென்றே ஒரு காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் முழுச் சீஸை முதலில் பார்த்தேன். அம்மாடி! நம் மாட்டு வண்டிச் சக்கரத்தின் தம்பி மாதிரி இருக்கிறது. ஒன்று சுமார் 40 கிலோ எடை. அதற்குச் சுமார் 400 லிட்டர் பால் வேண்டும். ஆகப் பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. (எருமைப் பால் பதினைந்து, பதினாறு லிட்டர் இருந்தால் எங்கள் கணக்கில் ஒரு கிலோ நெய்.)

நாலு மாடு வைத்திருக்கிற குடியானவன் 400 லிட்டருக்கு எங்கே போவான்? அதனால் ஊரார் சேர்ந்து பாலைக் கூட்டுச் சேர்த்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே இந்த வழக்கம் அங்கே இருக்கிறது. அந்தக் கூட்டுப் பால்சாலைக்கு ஃப்ருய்த்தியேர் என்று பெயர். இன்றைக்கும் அந்த மலையில் நூற்றுக்கு மேலே இருக்கின்றன. எனக்கு உடனே எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிதான் கண்ணில் வந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது, பால் மானியை முக்கிப் பார்ப்பது, நோட்டில் வரவு வைப்பது எல்லாம் ஒன்றேதான். ஆனால் ஒரு வித்தியாசம். நாம் பாலை ஊற்றிவிட்டு வந்ததும் அது எங்கே போகிறது, யார் வீட்டுக் காப்பியாகிறது என்று தெரியாது. அங்கே ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பச்சை வில்லை பதித்து, எந்தப் பால்சாலையில் செய்தது என்று குறித்துவிடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அறுத்தாலும் அது இன்ன ஊர்ப் பால் என்று சொல்லிவிடலாம். இதைக் கேட்டபோது, பொறாமை என்று சொல்ல மாட்டேன், ஒரு ஏக்கம் வந்தது நிஜம்.

பாலைக் காய்ச்சுவதில்லை. கறந்து 24 மணி நேரத்துக்குள் பெரிய செப்புத் தொட்டியில் ஊற்றி, இளஞ்சூடாக்கி, உறை ஊற்றுகிறார்கள். அது உறைந்ததும் அரிசி, கோதுமை அளவுக்குப் பொடியாக வெட்டி, மறுபடி 50 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அச்சில் கொட்டி அழுத்தி, உப்புத் தேய்த்து மரப்பலகையில் அடுக்குகிறார்கள். குறைந்தது 120 நாள் பழுத்தால்தான் கோந்தே என்று பெயர் சொல்லலாம். 1958-லிருந்து அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

வழிகாட்டிப் பெண் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "எதைம்மா உறை ஊத்தறாங்க? மோரா?" என்று கேட்டேன். "ஏதோ ஊத்தறாங்கம்மா" என்று சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

அங்கிருந்து மலை மேலே சேன் ஆந்துவான் கோட்டை. 1870-ஆம் வருஷத்து யுத்தத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்குக் கட்டியது. மேலே மண்ணைக் கொட்டி மூடிய கல் கோட்டை. அதில் போர்வீரர்கள் இருந்த காலம் போய், 1966-லிருந்து சீஸ் இருக்கிறது. மார்செல் பெத்தீத் என்பவர்தான் இந்தக் குளிர்ந்த கோட்டையில் அவசரமில்லாமல் பழுக்க வைத்தால் ருசி கூடும் என்று கண்டுபிடித்தவர். இன்றைக்கு ஒரு லட்சம் சக்கரம் அடுக்கியிருக்கிறது. உள்ளே காலை வைத்ததும் குளிர் எலும்பைத் தொட்டது. மூக்கைத் தாக்கிய அந்த நெடியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, தலைப்பைச் சுருட்டி மூக்கில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் பழகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலகைச் சந்து ஒவ்வொன்றும் எங்கள் ஊர்க் கடைத்தெரு நீளம். ஒரு மனிதர் கையில் சின்ன இரும்புக் கருவியோடு வந்தார். அதன் பிடியால் ஒரு சக்கரத்தை டொக் டொக்கென்று தட்டிக் காதைச் சாய்த்தார். அப்புறம் பக்கத்துச் சக்கரம். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் மாறுமாம். இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் அப்படித்தான் கணக்குப் போடுகிறார். சந்தேகமிருந்தால் கருவியை உள்ளே செருகி ஒரு சின்னக் குச்சி அளவு எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, துளையை அதே சீஸால் அடைத்துவிடுகிறார். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு உப்புத் தண்ணீர் தடவும் வேலையை இப்போது இயந்திரமே செய்கிறது. தட்டிக் கேட்பது மட்டும் மனிதக் காதுதான்.

எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது. அம்மியருகே உட்கார்ந்து நெய்ச் சத்தம் கேட்ட என் அம்மாவை அந்த ஊரில், அந்தக் குளிரில் பார்ப்பேன் என்று யார் கண்டது?

பழுத்த பிறகு 20-க்கு எத்தனை என்று மார்க் போடுகிறார்கள். 14-க்கு மேல் வாங்கினால் பச்சைப் பட்டை, 12 முதல் 14 வரை பழுப்புப் பட்டை. 12-க்குக் கீழே போனால் கோந்தே என்ற பெயரே கிடையாது. பரீட்சையில் ஃபெயிலான சீஸையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

கடைசியில் ஒரு பலகையில் மூன்று துண்டு வைத்துக் கொடுத்தார்கள், எட்டு மாதம், பன்னிரண்டு மாதம், இருபத்து நாலு மாதம். முதலாவது பால்கோவா ஓரம் மாதிரி இனிப்பாக மெத்தென்று இருந்தது. இரண்டாவதில் வறுத்த வேர்க்கடலை வாசம். மூன்றாவது கெட்டி. பல்லில் அந்தப் புள்ளி நறநறவென்று கடிபட்டது. வாயை மூடி மெல்ல மெல்ல, பொரித்த முருங்கைக்கீரை நெய்யின் அடிக்கசடு போல ஒரு ருசி நாக்கின் பின்னாலிருந்து எழுந்தது. "எப்படிம்மா?" என்றாள் மகள். நான் பதில் சொல்லாமல் நாலாவது துண்டுக்குக் கை நீட்டினேன்.

சாப்பிடும் முறையையும் அங்கே கற்றுக்கொண்டேன். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்தவுடன் தின்றால் மெழுகைத் தின்பது போலத்தான். அவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைக்கிறார்கள். (நம் சேலத்து வெயிலில் கால் மணி போதும், அதற்கு மேல் வைத்தால் எண்ணெய் கக்கிவிடும்.) நடுப்பகுதி ஒரு ருசி, தோலோரம் ஒரு ருசி என்பதால், இரண்டும் எல்லோருக்கும் கிடைக்கிற மாதிரி நீளவாக்கில் வெட்ட வேண்டும். நல்ல நடுப்பகுதியை ஒருவர் மட்டும் அறுத்துக்கொள்வது அங்கே மரியாதைக் குறைவு. தோலைத் தின்பதில்லை. கூட ரொட்டி, அக்ரூட், திராட்சை வைத்துக்கொள்கிறார்கள். ஆண்கள், பெண்கள் எல்லோரும் அந்த ஊர் மஞ்சள் ஒயினும் குடிக்கிறார்கள், அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் போட்டு ஃபிரிஜ்ஜின் காய்கறித் தட்டில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றினால் வியர்த்துக் கெடும்.

இப்போது நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

அன்று ராத்திரி பேரன் தூங்கிய பிறகு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, அந்த உறை என்னன்னு கேட்டியே... ரென்னெட்னு சொல்வாங்க. கன்னுக்குட்டியோட வயித்திலிருந்து எடுக்கறது. முன்னாடியே சொல்லியிருக்கணும். நீ ஆசையா கேட்டுக்கிட்டு வந்தியா, எனக்கு வாய் வரலை."

பால் குடிக்கிற கன்றின் வயிற்றில் பாலை உறைய வைக்கிற ஒரு சத்து இருக்கிறது. கன்றை அறுத்த பிறகு அந்த வயிற்றுப் பையிலிருந்து அதை எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் கோழி, முட்டை உண்டு. ஆனால் மாடு லட்சுமி. பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசி, பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, இதை எப்படி ஏற்றுக்கொள்வது? எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. அந்த மலை ஜனங்கள் மேல் கோபமில்லை, அது அவர்கள் ஊர் வழக்கம். மகள் மேல் இரண்டு நாள் கோபமிருந்தது. அதைவிட, நாலாவது துண்டுக்குக் கை நீட்டிய என் மேலேதான் கோபம். ருசியாக இல்லை என்று பொய் சொல்லவும் முடியவில்லை பாருங்கள்! அதற்குப் பிறகு ஊர் திரும்பும் வரை நான் அதைத் தொடவில்லை.

பேரனுக்கு மகள் கொடுத்தது சரியா என்று இளம் தாய்மார்கள் கேட்பீர்கள். பச்சைப் பாலில் செய்த சீஸை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம், அதில் கெட்ட கிருமி இருக்கலாம் என்று ஃபிரான்ஸ் அரசாங்கமே சொல்கிறது. கோந்தே மாதிரி சூடாக்கி, அழுத்தி, நாள்பட வைத்த கெட்டி ரகத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உப்பு ஆகாதே, அதனால் வேண்டாமென்று நான் நிறுத்திவிட்டேன். பெரியவர்களுக்கு 30 கிராம், அதாவது இரண்டு விரல் அகலத் துண்டு போதும். ஒரு டம்ளர் பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட அதிலேயே கிடைத்துவிடும். பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்கிறவர்களுக்கும் நாள்பட்ட கெட்டிச் சீஸ் ஒத்துக்கொள்ளும், பால் சர்க்கரை அதில் மிச்சமிருப்பதில்லை. ஆனால் கொழுப்பும் உப்பும் உண்டு. ரத்தக் கொதிப்புக்காரர்கள் வைத்தியரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ஆகஸ்டில் ஊர் வந்து சேர்ந்தேன். "அத்தைகிட்டச் சொல்லாதே, மனசு கஷ்டப்படும்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அத்தைக்கு எண்பத்திரண்டு வயசு. மாமா போனதிலிருந்து சுத்த சைவம், முட்டை வெந்த பாத்திரத்தைக்கூடத் தொட மாட்டார்கள். எனக்கு மறைக்க மனசு வரவில்லை. சாயந்திரம் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அத்தை கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "தெரியாமத் தின்னதுக்கு என்ன பண்றது அம்மிணி. தெரிஞ்ச பொறவு திங்கலயில்ல, உடு" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அவிய அறுக்கறது காளங்கன்னா, கெடாரியா?"

"பெரும்பாலும் காளங்கன்னுதான் இருக்குமுங்க அத்தை. கெடாரிய கறவைக்கு வளர்ப்பாங்க."

"ம்... நம்ம செவல போன வருசம் போட்ட காளங்கன்னு எங்க?"

நான் பதில் சொல்லவில்லை. உழவுக்கு டிராக்டர் வந்தபின் காளங்கன்றை யார் வைத்துக்கொள்கிறார்கள்? மூன்று மாதத்தில் சந்தைக்குப் போய்விட்டது. தரகர் கையில் கயிற்றைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கியவள் நான்தான். அது எங்கே போயிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அத்தை மறுபடி வாயைத் திறக்கவில்லை. நானும் கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. நம் நாட்டு உணவுச் சட்டப்படி இங்கே சீஸுக்கு மிருகத்திலிருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கக் கூடாது. பூஞ்சை போன்ற நுண்ணுயிரிலிருந்து எடுக்கிற ரென்னெட்டால்தான் உறைய வைக்கிறார்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும், பார்த்து வாங்குங்கள். கொடைக்கானலிலும், புதுச்சேரிப் பக்கம் ஆரோவில்லிலும் சீஸ் செய்கிறார்கள். போன தை மாதம் என் மகன் கொடைக்கானல் போனபோது, சில மாதம் பழுத்த கெட்டி ரகமாக ஒரு துண்டு வாங்கி வந்தான். கோந்தே இல்லை, அதன் ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் காரியமாகப் பச்சைப் புள்ளியை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

சாயந்திரம் மொட்டை மாடியில் பாய் விரித்தோம். தூரத்தில் போதமலை நீலமாகத் தெரிந்தது. கால் மணி முன்னால் சீஸை எடுத்து வைத்து, எல்லோருக்கும் தோலோரமும் நடுப்பகுதியும் வருகிற மாதிரி நீளவாக்கில் வெட்டினேன். ரொட்டிக்குப் பதில் கெட்டியாக வார்த்த கம்பு ரொட்டி, அக்ரூட்டுக்குப் பதில் வறுத்த நிலக்கடலை. அந்தச் சீஸுக்கும் நம் கடலைக்கும் அப்படி ஒரு பொருத்தம்! ஜூராக்காரர்களுக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது.

அத்தை ஒரு நகக்கண் அளவு எடுத்து முகர்ந்தார்கள். "உறியில மறந்து போன வெண்ண வாசம்" என்றார்கள். வாயில் போட்டு, பல்லில்லாத ஈறால் மெதுவாக அதக்கினார்கள். நாங்கள் எல்லோரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதையவா மாசக்கணக்கா வெச்சிருந்தாங்க?"

"ஆமாங்க அத்தை."

"நம்மூட்ல ஆறு நாள் தாங்காது" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது துண்டை எடுக்கப் போன மகன் கையைத் தட்டிவிட்டார்கள்.